ஜிப் செய்தும் இடம் மிச்சமாகாதது ஏன்?

டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, பெரிய ஃபோல்டர்களை ஜிப் செய்துவிடலாம் என்பதுதான். படங்கள் நிறைந்த 10 ஜிபி ஃபோல்டரைச் சுருக்கச் சொல்லிவிட்டு நெடுநேரம் காத்திருந்தால், வந்து நிற்கும் ஜிப் கோப்பும் ஏறக்குறைய 10 ஜிபி. பழைய ஃபோல்டரும் அப்படியே இருப்பதால் டிஸ்க்கில் காலியிடம் முன்பைவிடக் குறைந்துபோகிறது. ஆனால் அதே கணினியில், அதே மென்பொருளில் ஒரு பெரிய லாக் கோப்பைக் (நிரல்கள் தாம் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் உரைக்கோப்பு) கொடுத்தால் பத்தில் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது.

இந்த வித்தியாசம் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. அது புரிந்தால், எதைச் சுருக்குவது, எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம், விண்டோஸில் இருக்கும் 'இந்த டிரைவைச் சுருக்கு' என்ற கட்டத்தில் டிக் போடலாமா வேண்டாமா என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

## திரும்பத் திரும்ப வருவதுதான் சரக்கு

கணினிக்குக் கோப்பு என்பது வரிசையாக நிற்கும் பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். கடிதமோ பாட்டோ படமோ, அடியில் இதுதான். சுருக்கும் மென்பொருளுக்கு அந்த எண்களின் பொருள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்து, அவற்றைக் குறைந்த இடத்தில் எழுதி வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல்லைச் சேமித்தால் கோப்பில் விழும் எண்கள் இவை:

அ: 224 174 133
ம: 224 174 174
புள்ளி: 224 175 141
ம: 224 174 174
கால்: 224 174 190

மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 பைட். நாம் அன்றாடம் தட்டச்சு செய்யும் தமிழ்க் குறியீடுகள் எல்லாமே 224-இல்தான் தொடங்கும். இரண்டாவது எண் 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. ஆக, முதல் பைட் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது, 'இதுவா அதுவா' என்ற அளவுக்குச் சொல்கிறது. எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். தமிழ் உரைக்கோப்பு இடத்தை அதிகம் பிடிக்கிறது என்று குறைப்படுபவர்கள் அதை ஒருமுறை ஜிப் செய்து பார்க்கலாம். வீணாகப் போன அந்த இடத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

ஜிப் போன்ற கருவிகள் இந்த வீணை இரண்டு வழிகளில் பிடிக்கின்றன.

1. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி. சாதாரணமாக ஒவ்வொரு பைட்டுக்கும் 8 பிட், அதாவது 0 அல்லது 1 ஆக எட்டு இலக்கங்கள் செலவாகிறது. அதிகம் வரும் எண்ணுக்கு இரண்டே பிட், அபூர்வமாக வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு பிட் என்று மாற்றி ஒதுக்கினால் மொத்தம் குறையும். மேலே பார்த்த தமிழ் உரையில் மூன்று பைட்டுக்கு ஒரு முறை 224 வருகிறது. அதற்கு 8 பிட் கொடுப்பது அநியாயம். இந்த ஒதுக்கீட்டைச் சிக்கனமாகச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் டேவிட் ஹஃப்மன். 1951-இல் எம்ஐடியில் மாணவராக இருந்தபோது, இறுதித் தேர்வு எழுதலாம் அல்லது ஒரு கட்டுரை தரலாம் என்று ஆசிரியர் ராபர்ட் ஃபானோ சொல்ல, ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அதில் பிறந்த முறை 1952-இல் அச்சில் வந்தது. ஃபானோவே அதற்கு முன் தந்திருந்த முறையைவிட இது மேல்.

2. ஏற்கெனவே வந்ததை மறுபடி எழுதாமல் கைகாட்டுவது. ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் இருவரும் 1977-இல் வெளியிட்ட யோசனை இது. ஒரு லாக் கோப்பில் ஒவ்வொரு வரியும் அதே தேதி, அதே சர்வர் பெயர், அதே நிரல் பெயர் என்று தொடங்குகிறது. முதல் வரி முழுதாக எழுதப்படும். அடுத்த வரியில், 'இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை பைட்டை எடுத்துப் போடு' என்று இரண்டு எண்கள் போதும். ஐம்பது அறுபது பைட் சரசரவென்று மூன்று நான்கு பைட்டாகிவிடும்.

ஃபில் காட்ஸ் என்ற நிரலாளர் 1989-இல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்று ஜிப்புக்குள் ஓடுவது 1993-இல் அவர் சேர்த்த டிஃப்ளேட் என்ற முறை. மேலே சொன்ன இரண்டாவதை முதலில் செய்து, மிஞ்சியதில் முதலாவதைச் செய்யும் கூட்டு அது. லினக்ஸ்காரர்களின் ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியிலும், பிஎன்ஜி படங்களிலும் இதுவேதான் ஓடுகிறது.

டிஃப்ளேட்டுக்கு ஒரு வரம்பு உண்டு, அது நடைமுறையில் உதைக்கும். அது பின்னால் திரும்பிப் பார்க்கும் தூரம் 32,768 பைட் மட்டுமே. ஒரு தடவையில் எடுத்துப் போடக்கூடிய நீளம் அதிகபட்சம் 258 பைட். போதாக்குறைக்கு ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. அதனால் ஒரே ஃபோல்டரில் ஒரே 50 மெகாபைட் கோப்பு இரண்டு பெயர்களில் கிடந்தாலும் ஜிப்புக்கு அது தெரியவே தெரியாது. இரண்டையும் முழுதாகச் சுருக்கி இரட்டிப்பு இடம் பிடிக்கும். 7-ஜிப் என்ற மென்பொருளின் 7இசட் வடிவம் கோப்புகளைச் சங்கிலியாகக் கோத்து ஒன்றாகப் பார்க்கும், பின்னால் பார்க்கும் தூரத்தையும் பல மெகாபைட் அளவுக்கு வைத்துக்கொள்ளும். அந்தத் தூரத்துக்குள் நகல் அகப்பட்டால் இரண்டாவது பிரதிக்கு ஏறக்குறைய இடமே ஆகாது. ஒரே ஆவணத்தின் பல பதிப்புகளைச் சேர்த்து வைப்பவர்களுக்கு ஜிப்பைவிட 7இசட் அவ்வளவு நன்றாகப் பலன் தருவதற்குக் காரணம் இதுதான்.

## எதையும் சுருக்கும் கருவி இருக்க முடியாது

'எந்தக் கோப்பானாலும் பாதியாக்கித் தருகிறோம்' என்று அவ்வப்போது யாராவது ஒரு மென்பொருளைக் கொண்டுவருவார்கள். சோதித்துப் பார்க்கவே தேவையில்லை. எண்ணிப் பார்த்தாலே போதும்.

1. மூன்று பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் எத்தனை இருக்க முடியும்? 000 முதல் 111 வரை எட்டு.
2. அதைவிடச் சிறிய கோப்புகள் எத்தனை? இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, காலிக் கோப்பு ஒன்று. ஆக ஏழு.
3. எட்டையும் சுருக்க வேண்டுமானால் ஏழு இடத்தில் எட்டை வைக்க வேண்டும். ஏதாவது இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்தில் போய் விழும். விரிக்கும்போது எது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பிட் எண்ணிக்கை மூன்றானாலும் முந்நூறு கோடியானாலும் கணக்கு ஒன்றுதான். சில கோப்புகள் சுருங்க வேண்டுமானால் வேறு சில சுருங்காமல் இருந்தே ஆக வேண்டும், பெருத்தும் போகலாம். நல்லவேளையாக, நாம் உருவாக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை ஒழுங்கும் திரும்பலும் உள்ளவை, அதனால்தான் இந்தத் தொழில்நுட்பமே பிழைத்திருக்கிறது. ஒரு கோப்பில் 'புது விஷயம்' எவ்வளவு என்று அளக்கும் கணக்கை கிளாட் ஷானன் 1948-இலேயே போட்டுவிட்டார். எந்தக் கருவியும் ஒன்றையும் இழக்காமல் சராசரியில் அந்த அளவுக்குக் கீழே போக முடியாது.

ஜிப்பை மறுபடி ஜிப் செய்வது ஏன் பயன்படாது என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. திரும்பலை எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவது பார்வைக்குத் தாறுமாறான எண்கள். டிஃப்ளேட் அதைக் கண்டதும், 'இது சுருங்காது' என்று ஒரு குறிப்பைப் போட்டு அப்படியே நகலெடுத்து வைக்கும். அந்தக் குறிப்புக்கு 65,535 பைட்டுக்கு 5 பைட் வீதம் கூடுதல் செலவு. மறு எல்லையில், வெறும் பூஜ்யங்களால் ஆன கோப்பு இருந்தால் டிஃப்ளேட் அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே கொண்டுபோகும். 42 கிலோபைட்டே உள்ள ஒரு ஜிப் கோப்பு, அடுக்கடுக்காக உள்ளே ஜிப்புகளை வைத்து, முழுதாக விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி ஆகும்படி செய்யப்பட்டிருப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த ஜிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரிக்காதீர்கள் என்பதற்கு வைரஸ் மட்டுமே காரணமில்லை.

## படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை

இப்போது அந்தப் படங்கள் ஃபோல்டருக்கு வருவோம். 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் உள்ள படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 36 மெகாபைட். ஆனால் அந்தப் படத்தின் ஜேபெக் கோப்பு சாதாரணமாகச் சில மெகாபைட்தான் இருக்கும். மிச்சம் எங்கே போனது?

1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைத் தோராயமாக்கித் தூக்கி எறிகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்பக் கிடைக்காது. இதை இழப்புள்ள சுருக்கம் என்பார்கள். ஜிப் செய்வது இழப்பில்லாச் சுருக்கம், விரித்தால் ஒரு பிட் பிசகாமல் பழையது வரும். ஜேபெக் அதோடு விடுவதில்லை. மிஞ்சியதை ஹஃப்மன் முறையில் சுருக்கித்தான் கோப்பில் எழுதுகிறது. அதை ஜிப்புக்குள் போடுவது, பிழிந்து உலர்ந்த துணியை மறுபடி பிழிவது மாதிரி.

வீடியோவில் இது இன்னும் தீவிரம். 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள் என்று சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கே சுமார் 187 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 670 ஜிபிக்கு மேல். உங்கள் கையில் இருப்பது ஒன்றிரண்டு ஜிபி என்றால், அது ஏற்கெனவே நூற்றுக்கணக்கான மடங்கு ஒடுங்கி வந்திருக்கிறது.

வெளியில் தெரியாமல் ஜிப்பாகவே இருக்கும் கோப்புகளும் உண்டு. வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றும் 2007 பதிப்பிலிருந்து சேமிக்கும் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப்புகள்தான். ஒரு வேர்டு கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே உரை ஒரு கோப்பாகவும் படங்கள் தனி ஃபோல்டராகவும் கிடக்கும். மின்னூல்களின் இபப் வடிவமும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகளும் அப்படியே. கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்த கோப்பு இன்னும் மோசம். நல்ல மறையாக்கம் எண்களைத் தாறுமாறாக்கித்தான் காட்டும் என்பதால் அதில் சுருக்க ஒன்றுமே இருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சுருக்கம், அப்புறம் மறையாக்கம்.

இத்தனை சொன்ன பிறகும், சுருங்காத கோப்புகளை ஜிப்பாக்கினால் கொஞ்சம் இடம் மிஞ்சும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. டிஸ்க் இடத்தைச் சில்லறையாகத் தராது. வழக்கமாக 4,096 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் தரும். 5,000 பைட் கோப்பு இரண்டு துண்டுகளை, அதாவது 8,192 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கோப்புக்குச் சராசரியாக அரைத் துண்டு வீண். ஒரு லட்சம் குட்டிப் படங்கள் இருந்தால் சுமார் 200 மெகாபைட். எல்லாம் ஒரே ஜிப்புக்குள் போனால் இந்த வீண் போய்விடும். கோப்பின் பண்புகளைத் திறந்தால் 'அளவு' என்று ஒன்றும் 'டிஸ்க்கில் பிடித்த அளவு' என்று இன்னொன்றும் காட்டுவது இதனால்தான். இடம் மிச்சமா என்று பார்க்க வேண்டியது இரண்டாவதை.

## டிரைவையே சுருக்கும் அந்த டிக்

விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ் உள்ள டிரைவில் பண்புகளைத் திறந்தால், இடத்தை மிச்சப்படுத்த இந்த டிரைவைச் சுருக்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். ஃபோல்டருக்கு மட்டும் போடவும் வழி உண்டு. 1995-இன் விண்டோஸ் என்டி 3.51-இலிருந்து இருக்கும் பழைய வசதி இது. டிக் போட்டால் கோப்புகள் வழக்கம்போலவே திறக்கும், ஜிப் கோப்பு எதுவும் கண்ணில் படாது. படிக்கும்போது விரிப்பதும் எழுதும்போது சுருக்குவதும் விண்டோஸ் பாடு.

உள்ளே நடப்பது இது. கோப்பை 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்கிப் பார்க்கும். அதிலுள்ள பதினாறு 4 கிலோபைட் துண்டுகளில் ஒன்றாவது மிச்சமானால் சுருக்கியதை வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடும். வேகம் முக்கியம் என்பதால் முறையும் எளிமையானது, ஜிப் அளவுக்குக்கூடச் சுருக்காது. படமும் வீடியோவும் உள்ள டிரைவில் இதைப் போட்டால் பலன் ஏறக்குறைய பூஜ்யம்.

முழு டிரைவுக்கும் டிக் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி நடுவில் திருத்தப்படும் தரவுத்தளக் கோப்புகள், மெய்நிகர் கணினிக் கோப்புகள் எல்லாம் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் ஒரு முழுத் துண்டை விரித்து மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். கோப்பு டிஸ்க் முழுக்கச் சிதறவும் செய்யும். எழுதி முடித்து அப்புறம் படிக்க மட்டுமே வைத்திருக்கும் ஃபோல்டர்களுக்கு, அதாவது பழைய லாக்குகள், மூல நிரல்கள், சிஎஸ்வி தரவுகளுக்கு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) மட்டும் போடுவது நல்லது. வேகம் குறையும் என்ற பயம் ஓரளவுக்குத்தான் சரி. மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் குறைவாகப் படித்து பிராசஸரில் விரிப்பது, முழுதாகப் படிப்பதைவிடச் சீக்கிரமாக முடிவதும் உண்டு.

விண்டோஸ் 10-இலிருந்து, மாறாத சிஸ்டம் கோப்புகளை மட்டும் வேறு முறையில் சுருக்கும் காம்பாக்ட் ஓஎஸ் என்ற தனி வசதி இருக்கிறது. சிறிய எஸ்எஸ்டி உள்ள கணினிகளுக்கு அது பொருத்தம். லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அடுக்கு முறை உள்ள டிரைவுகளுக்கு இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்க முறையைப் போடலாம், 2016-இல் வந்த அது வேகத்திலும் சுருக்கத்திலும் டிஃப்ளேட்டை மிஞ்சுகிறது. மேக்கில் 2009-இலிருந்தே சிஸ்டம் கோப்புகள் ஓசையில்லாமல் சுருங்கித்தான் கிடக்கின்றன.

டிஸ்க்கையே சுருக்கும் யோசனைக்கு ஒரு காலத்தில் கோர்ட் வரை மவுசு இருந்தது. 1993-இல் எம்எஸ்-டாஸ் 6-உடன் டபுள்ஸ்பேஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் கொடுக்க, அந்தத் துறையில் முன்னமே இருந்த ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் காப்புரிமை வழக்குப் போட்டது. 1994-இல் ஜூரி ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் இழப்பீடு என்றது.

## எந்த வரிசையில் செய்வது

1. எது இடத்தைத் தின்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் சேமிப்பகம் பகுதியே வகைவாரியாகக் காட்டும். பெரும்பங்கு வீடியோ என்றால் சுருக்கும் கருவி எதுவும் காப்பாற்றாது. அழிப்பதோ வெளி டிஸ்க்குக்கு மாற்றுவதோதான் வழி.

2. சுருங்கக்கூடியவற்றை ஒதுக்குங்கள். வெறும் உரை, லாக், சிஎஸ்வி, தரவுத்தளப் பிரதிகள், மூல நிரல், சுருக்காமல் சேமித்த பிஎம்பி படங்கள். சுருக்காத வேவ் ஒலிக்கோப்புகளை ஜிப் செய்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஒலிக்கென்றே செய்த, இழப்பில்லாத ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் பாதியை ஒட்டி வந்து நிற்கும்.

3. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். யாருக்காவது அனுப்புவதென்றால் ஜிப், எங்கும் திறக்கும். உங்களிடமே வைத்துக்கொள்வதென்றால் 7இசட். ஆனால் சங்கிலியாகக் கோத்த 7இசட்டில் ஓரிடம் கெட்டால் அதன் பின்னால் கோத்தவை எல்லாம் போய்விடலாம். ஜிப்பில் பெரும்பாலும் அந்த ஒரு கோப்போடு நிற்கும். விலைமதிப்பற்ற கோப்புகளை எந்த வடிவத்தில் வைத்தாலும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கட்டும்.

4. படம், வீடியோவைச் சிறிதாக்க மறுகுறியாக்கம், அதாவது வேறு முறையில் புதிதாகச் சுருக்கி எழுதுவது ஒன்றே வழி. 2013-இன் ஹெச்இவிசி, 2018-இன் ஏவி1 போன்ற புதிய முறைகள் பழையதைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தை ஒட்டித் தரும். ஆனால் ஒவ்வொரு மறுகுறியாக்கத்திலும் கொஞ்சம் தரம் போகும், போனது வராது. குடும்ப வீடியோவின் ஒரே பிரதியில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

5. சரிபார்த்துவிட்டு மூலத்தை அழியுங்கள். ஜிப் ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கூடவே வைத்திருக்கிறது. 7-ஜிப்பில் 'டெஸ்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து அந்த எண்களோடு ஒப்பிடும். பிழை இல்லை என்று வந்த பிறகு மூல ஃபோல்டரை அழிக்கலாம். அதை அழித்தால்தான் இடம் கிடைக்கும். ரீசைக்கிள் பின்னுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் வரை அந்த இடமும் திரும்பி வராது, அதையும் காலி செய்ய வேண்டும்.

அப்புறம் என்றாவது அந்த ஜிப்பை விரிக்க வேண்டிவந்தால், விரிந்த கோப்புகள் முழு அளவுக்கும் டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். ஜிப்பும் அந்நேரம் கூடவே இருக்கும். 40 ஜிபி லாக்கை 4 ஜிபியாக்கி வைத்திருப்பவரின் டிஸ்க்கில் 10 ஜிபிதான் காலி என்றால், அந்த ஜிப்பை இங்கே விரிக்க முடியாது. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி அதில் விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.